தோற்று வந்தவளுக்கு ஒரு பாராட்டு விழா

நம் நாட்டுப் பெண்கள் ரக்பி அணி அந்தச் சனிக்கிழமை தோற்றுக்கொண்டிருந்தபோது, நான் ஒரு கல்யாண வீட்டாருக்குக் கூரைப்புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்கு வேலை. முகூர்த்த சீசன். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து, வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். விடுமுறை கேட்டுப் பார்த்தேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்ததோடு சரி. அதனால் செல்போனைப் புடவை அடுக்குக்கு நடுவில் சாய்த்து வைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, அதன்மேல் முடியை இழுத்து விட்டிருந்தேன். கை முந்தியைப் பிரித்துக் காட்டும், வாய் ஜரிகையைப் பற்றிச் சொல்லும், கண் மட்டும் மைதானத்தில் இருந்தது.

ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் கோட்டை நோக்கி ஓட வேண்டும். கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் அதற்குப் பெயர் ட்ரை, புள்ளி கிடைக்கும். ஓடி வருபவளைத் தோளால் இடித்து, கால்களைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கலாம். அதுதான் டேக்கிள். எல்லோரையும் தாண்டி ஒருத்தி வந்துவிட்டால் அவளை மறிக்கக் கடைசியாகத் தனியே நிற்பவள் ஃபுல்பேக். சென்னையில் கல்லூரியில் படித்தபோது நான் இந்த ஆட்டத்துக்குள் விழுந்தேன். மாநில அணிவரை ஆடினேன். முட்டி போனது, ஆட்டமும் போனது. டேக்கிள் மட்டும் இன்னும் உடம்பில் இருக்கிறது. யாராவது வேகமாக எதிரே வந்தால் என் தோள் தானாகத் தாழும்.

அன்றைய எதிரணி ஒன்றும் பெரிய அணி இல்லை. கிழக்கே ஒரு சின்ன நாடு. போன முறை கடைசி நிமிடம்வரை அவர்களைத் திணறடித்தோம். இந்த முறை ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நம் பெண்கள் தோளைக் கொடுக்கவில்லை. கையை நீட்டிச் சட்டையைப் பிடித்தார்கள். பேருந்தில் இடம் பிடிக்கத் துண்டைப் போடுவதுபோல் ஒரு கை, அவ்வளவுதான். எதிராளிகள் உதறிவிட்டு ஓடினார்கள். பந்து கையில் கிடைத்த நேரத்திலும் அதை உதைத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

எல்லோரையும்விட மோசம் எங்கள் ஃபுல்பேக். அவள் இங்கேதான், வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் தென்னேரிக்காரி, விவசாயக் குடும்பம். நான் மாநில அணியில் கடைசியாக ஆடிய வருடம் புதிதாக வந்து சேர்ந்தவள். முதல் நாள் பயிற்சியிலேயே என்னை மல்லாத்திப் போட்டாள். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்கும். அப்படிப்பட்டவள் அன்று ஓடி வருகிறவளுக்குப் பக்கவாட்டில் போய் இடது கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தாள். ஒருத்தி போனாள். இன்னொருத்தி போனாள். நாற்பது புள்ளி தாண்டியதும் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"ஏம்மா, மூஞ்சி ஏன் அப்படி ஆயிடுச்சி? வூட்ல எதனா கெட்ட சேதியா?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"இல்ல சார். மேட்ச்சு."

"இன்னிக்கு ஏதுமா மேட்ச்சு?"

"கிரிக்கெட் இல்ல சார், ரக்பி. பொண்ணுங்க ஆடறாங்க."

அவர் எட்டிப் பார்த்தார். "அடடே, மண்ல உருண்டுக்கினு கெடக்குறாங்களே! நம்ம பொண்ணுங்களா? ஜெயிக்கிறாங்களா?"

"இல்ல."

"அட வுடும்மா. இதெல்லாம் ஆடறதே பெருசு."

அந்த வார்த்தைதான். அவர் நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் விரித்திருந்த புடவையை அப்படியே சுருட்டி அவர் மடியில் எறியலாம்போல் இருந்தது எனக்கு. ஆடறதே பெருசாம். சாம்பார் அடிபிடித்துப் போனால் சமைத்ததே பெரிது என்று இவர் சாப்பிடுவாரா? நாங்கள் கோணலாக நெய்த பார்டரை, நெய்ததே பெரிது என்று காசு கொடுத்து வாங்குவாரா? பெண்கள் ஆடினால் மட்டும் இந்தப் பெரிய மனசு எங்கிருந்து வந்துவிடுகிறது?

அடுத்த புடவையைப் பிரித்தேன். அரக்குச் சிவப்பு. அது அவர்களுக்குப் பிடித்துப் போனது.

வீட்டுக்குப் பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தே போனேன். ஆட்டோவில் உட்கார்ந்தால் டிரைவரிடம் வம்பிழுத்துவிடுவேன் என்று தோன்றியது. வீட்டில் என் கணவர் தறியில் இருந்தார். நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்ட சத்தத்தில் அவர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"தோத்துட்டாங்களா?"

"தோக்கல. தூக்கிக் குடுத்துட்டாங்க."

"சரி வுடு. விளையாட்டுன்னா அப்படித்தான்."

"எப்படித்தான்? நீ பாத்தியா? பாக்காதவன் எப்படித்தான்னு சொல்லாத!"

பாவம், அவர் திரும்பவும் தறிக்குப் போய்விட்டார்.

என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கிரிக்கெட்டில் தோற்றால் தெருவே தோற்றது. டீக்கடையில் திட்டலாம், முடிவெட்டும் கடையில் திட்டலாம், கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில்கூட முன்பின் தெரியாத ஒருவர் "அவன் எதுக்கு அந்தப் பந்தைத் தூக்கி அடிச்சான்?" என்று ஆரம்பிப்பார். திட்டித் தீர்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம். என் அணி தோற்றதும் இந்த ஊரில் ஒரே ஒருத்திக்குத்தான் சோறு இறங்கவில்லை. மறுநாள் செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். ஒரு மூலையில்கூட இல்லை. திட்டியாவது எழுதக் கூடாதா என்று இருந்தது.

அந்த வாரம் முழுவதும் அந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். புண்ணைக் கிளறுவதுபோலத்தான், தெரிந்தேதான் செய்தேன். ஒவ்வொரு முறையும் அந்த இடது கை வரும்போது எழுந்து நின்றுவிடுவேன். பயந்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு இடிக்குப் பயந்தவள்.

வியாழக்கிழமை அவளுடைய அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பு வந்தது. ஞாயிறு காலை தென்னேரியில் தங்கைக்குப் பாராட்டு விழா, பழைய வீராங்கனைகள் அனைவரும் வருக. பின்னணியில் சிங்கம், கோப்பை, பட்டாசு. நான் அதைக் கணவரிடம் காட்டினேன்.

"கோப்பை எங்கருந்து வந்திச்சி?" என்றார்.

"அதத்தான் கேக்கப் போறேன்."

"வாழ்த்தப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"சண்டைக்குத்தான்."

வாலாஜாபாத்வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊர் எல்லையிலேயே பெரிய பேனர். ஃபுல்பேக் பந்தோடு பாய்வதுபோல் படம். அவளைவிடப் பெரிதாகக் கைகூப்பி நிற்கும் பிரமுகர்கள். "வெற்றியுடன் தாயகம் திரும்பும் சிங்கப்பெண்ணே வருக" என்று எழுதியிருந்தது. வெற்றியுடன்! ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அந்தப் பேனரின் முன் நின்று வாய்விட்டே திட்டினேன். வாழைத்தார் ஏற்றிய சைக்கிளோடு போன ஒருவர் இறங்கி நின்று என்னைப் பார்த்தார்.

ஏரிக்கரையை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். தாரை தப்பட்டை, பட்டாசு, லட்டு. கூட்டத்தில் ஒருவருக்கும் என்ன ஆட்டம், என்ன முடிவு என்று தெரிந்ததாகத் தெரியவில்லை. ஒன்றியப் பிரமுகர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "எதிரிகளைப் பந்தாடி, உலக அரங்கில் நம் தென்னேரி மண்ணின் மானத்தைக் காத்த மகளே" என்றார். கைதட்டல். கபடியில் இவள் ஓடிய ஓட்டம் என்றார் இன்னொருவர். அதற்கும் கைதட்டல்தான். மேடையில் அவள் மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து "பொய்" என்று கத்த எனக்கு நாக்கு துடித்தது. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடி போட்ட பெரிய மரக் கேடயம். பிரமுகர் இரண்டு கையாலும் நீட்டினார். அவள் இடது கையை மட்டும் நீட்டி வாங்கினாள். கனம் தாங்காமல் கேடயம் சரிந்தது. அவளுடைய அண்ணன் ஓடிவந்து தாங்கிப் பிடித்தான்.

"அய்ய, இடது கையால வாங்குது பாரேன்," என்றாள் எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெண். "பிளேன்ல போயிட்டு வந்தா மரியாதையும் மறந்துடும்போல."

நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. படம் எடுக்கக் கை அசைக்கச் சொன்னார்கள். இடது கையைத்தான் அசைத்தாள்.

விழா முடிவதற்குள் பந்தலின் பின்பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் மாலைகளைக் கழற்றித் தண்ணீர் கேன்மேல் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள்.

"அக்கா! நீ வந்தியா?"

"வலது கையத் தூக்கு."

"இன்னாக்கா?"

"மேல தூக்குடி."

தூக்கினாள். கை மார்பளவுக்கு வந்து நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எப்ப ஆச்சி?"

"கேம்ப்லயே. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு பிராக்டீஸ்ல."

"கோச்சுக்குத் தெரியுமா? டாக்டருக்கு?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா எறக்கி வுட்டுடுவாங்க. இந்தச் சட்டைக்கு எத்தினி வருசமா காத்துக்கினு இருந்தேன்னு உனக்குத் தெரியாதா?"

அந்த இடத்தில் என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. வாரம் முழுவதும் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"அப்ப பயம் இல்ல. திருட்டுத்தனம். உனக்குப் பின்னாடி யாருடி இருக்கா? நீ வுட்டா அது ட்ரை. முன்னாடி பதினாலு பேரு மூச்சு முட்ட ஓடுறாங்க, கடைசில ஒருத்தி ஒத்தக் கையோட நிக்கிறா. அவங்களுக்கு அது தெரியவும் தெரியாது. பெஞ்ச்ல ரெண்டு கையும் நல்லா இருக்கிறவ ஒருத்தி உக்காந்துக்கினு இருந்தா இல்ல?"

"இருந்தா."

"அவள ஆட வுட்டிருக்கணுமா இல்லியா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கோபம்தான் வந்தது.

"வுட்டிருக்கணும்! தெரியும்! கேளு, இன்னும் கேளு. ஏர்போர்ட்ல எறங்கினதுலருந்து மாலையா போட்டுக்கினு இருக்கானுங்க. ஏண்டி தோத்தேன்னு ஒருத்தன் கேக்கல. எங்கண்ணன் மேட்ச்சையே பாக்கல. ஜெயிச்சிட்டோம்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான். நான் தோத்தேன்னு சொன்னா, பரவால்ல, போயி வந்ததே பெருசுங்கறான். வெறியாவுது எனக்கு!"

"அந்த வார்த்தையத்தான் எங்கடையிலயும் ஒருத்தர் சொன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"பொடவ வித்தேன்."

அவள் சிரிக்கவில்லை. "வேற இன்னா பாத்தே? சொல்லு," என்றாள்.

சொன்னேன். பந்தை ஏன் உதைத்து உதைத்துக் கொடுத்தீர்கள் என்று ஆரம்பித்தேன். அது கோச் சொன்னது, எதிரணி ஃபுல்பேக்குக்கு உயரப் பந்து பிடிக்க வராது என்று யாரோ சொல்லியிருந்தார்கள் என்றாள். அவள்தான் அழகாகப் பிடித்தாளே, பார்த்த பிறகாவது மாற்றக் கூடாதா என்று கேட்டேன். மாற்றச் சொல்லிக் கேப்டனிடம் கத்தினேன், அவளுக்குக் கேட்கவில்லை என்றாள். அவளுக்குக் கேட்காவிட்டால் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். அந்த ஏரிக்கரையில், ஒலிபெருக்கிக்குப் பின்னால், இரண்டு பேரும் ஆட்டம் முழுவதையும் முதலிலிருந்து எடுத்துப்போட்டுக் கிழித்தோம். கை நீட்டி, குரல் உயர்த்தி. அவளுக்கு ஒரு கைதான் நீண்டது.

லட்டுத் தட்டோடு வந்த அண்ணன் பயந்துபோனான். "இன்னாம்மா, விழாவுக்கு வந்துட்டு சண்டை போட்டுக்கினு இருக்கீங்க?"

"உன் தங்கச்சிக்குத் தோளு கிழிஞ்சிருக்குது. உனக்குத் தெரியுமா?"

"லேசா சுளுக்குன்னு சொல்லிச்சே…"

"இப்பவே ஆட்டோ கூப்புடு. காஞ்சிபுரம் போவணும்."

"குரூப் போட்டோ இருக்குது. தலைவரு வேற வெயிட் பண்றாரு."

"உங்க தலைவர வெச்சே எடுத்துக்குங்க!"

இதை நான் இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. பந்தலின் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிரமுகரும் பார்த்தார். ஆனால் அவள் அதற்குள் சாலைக்கு ஏறிவிட்டாள். அண்ணனும் தட்டை யார் கையிலோ கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தான். ஆட்டோவில் குண்டும் குழியுமான இடங்களில் அவள் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்து அண்ணன்தான் முதலில் அழுதான்.

எலும்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இத வெச்சிக்கினா விளையாண்டே?" என்று கேட்டார். தசை நார் பாதி அறுந்திருந்தது. ஆபரேஷன் இல்லாமல் தீராது என்றார். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "அடுத்த டீம்ல நான் இருக்க மாட்டேன். அதுக்குத்தான் பயந்தேன்."

அவள் பயந்தபடியே நடந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த பட்டியல் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. அண்ணன் எனக்கு போன் செய்து கத்தினான். நீங்கள் வராமல் இருந்திருந்தால் அவள் சமாளித்து ஆடியிருப்பாள், ஊரில் முகம் காட்ட முடியவில்லை என்றான். சமாளித்து ஆடியதைத்தான் நான் பார்த்தேனே என்று நானும் கத்தினேன். பல நாள் அவன் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. எனக்கு வருத்தம் வேறு. வலியைச் சொன்னால் இடம் போகும் என்று ஒரு பெண் பயப்படுகிற அணி எப்படித்தான் ஜெயிக்கும்? அவளுடைய தோளை ஓர் ஆள்கூடத் தொட்டுப் பார்க்காமலா மைதானத்துக்கு அனுப்பினார்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அடுத்த போட்டி ஒரு ஞாயிறு பகலில் வந்தது. வலது கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி தென்னேரிக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கணவர் தறியை விட்டு எழுந்துவந்து போனை டிவியில் இணைத்துக் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து பார்த்தோம். இந்த முறை டேக்கிள்கள் நன்றாக இருந்தன. ஆனால் கடைசி நேரத்தில், அவளுடைய இடத்தில் நின்ற புதிய ஃபுல்பேக் ஒரு டேக்கிளைக் கோட்டை விட்டாள். அந்த ஒரு ட்ரையில் தோற்றோம்.

இவள் எழுந்து நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கணவர் அவர்களிடம் போய், "ஒண்ணும் இல்ல, மேட்ச்சு," என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு அவள் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவளுக்கும் எதனா அடிபட்டிருக்குமோ?"

"இருந்தா சொல்லட்டும்," என்றேன்.

மாலையில் இவளே அவளுக்கு போன் போட்டாள். புதிய ஃபுல்பேக் வடக்கே எங்கோ ஓர் ஊர்க்காரி. பாதி இந்தி, பாதி இங்கிலீஷில் இவள் முதலில் அவளுடைய தோளைப் பற்றிக் கேட்டாள், பிறகு முட்டி, பிறகு கணுக்கால், தலை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்ததுபோலிருக்கிறது. இவளுடைய முகம் மாறியது.

"அப்புறம் ஏண்டி வுட்டே?" என்று தமிழிலேயே கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன கேள்வி என்று புரிந்துவிட்டது. வெயில் கண்ணில் அடித்ததாம், இவள் என்னிடம் திரும்பிச் சொன்னாள்.

"எதிர் டீம்காரிங்க கண்ணுல மட்டும் நிழலா அடிச்சிது?" என்று நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.